கடலோரம் வஜீதாவுக்குப் பத்து நாள்

வஜீதாவைக் கேட்டால் வருஷத்துக்கு முந்நூற்று ஐம்பத்தைந்து நாள் என்றுதான் சொல்வாள். மீதிப் பத்து நாள் கடலுக்குச் சொந்தம், அதை எதோடும் சேர்க்கக் கூடாது என்பாள். திருவண்ணாமலையில் ஏது கடல் என்று கேட்காதீர்கள். மலை இருக்கிறது, கோயில் இருக்கிறது, தீபத்துக்கு மொய்க்கிற கூட்டம் இருக்கிறது. கடலைப் பார்க்கணும் என்றால் செஞ்சி, திண்டிவனம், மரக்காணம் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் போகணும். அவள் போனாள். ஒரு பழைய ஆம்புலன்ஸ் வேனில் போய், அந்த வேனிலேயே பத்து நாள் குடியிருந்து, மீன் பிடித்துத் தின்றுவிட்டு வந்தாள். அதுவும் ஒரு தடவை இல்லை, ஆறு வருஷம் விடாமல் போனாள். ஏழாவது வருஷம் போக முடியுமா முடியாதா என்று அவள் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா.

முதலில் அவள் புருஷனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். குலாம் ரசூல் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் போகிற வழியில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். பேச்சு கம்மி, வேலை ஜாஸ்தி. அவரிடம் வண்டியை விட்டுவிட்டு மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள் உண்டு. திரும்பி வந்தால் வண்டியில் விட்டுப் போன பாதி பீடிக்கட்டு கூட அதே இடத்தில் இருக்கும். அந்த ரோட்டில் அவருக்கு இருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான்.

வஜீதா ஏரிக்கரை ஓரத்து வீட்டில் பிறந்தவள். பன்னிரண்டு வயசு வரைக்கும் அண்ணன்மாரோடு போட்டி போட்டுக்கொண்டு தூண்டில் போட்டிருக்கிறாள். ஜெயித்தும் இருக்கிறாள். வயசுக்கு வந்தபிறகு பெண்ணுக்கு ஏரியில் என்ன வேலை என்று கழியைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். பதினெட்டில் கல்யாணம், பத்தொன்பதில் நசீமா பிறந்தாள். பிறகு டவுனில், பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்து வீடு. சமையல்கட்டு, மொட்டைமாடி, வெளியே போனால் புர்கா. அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் யாராவது வீட்டுக்கு மீன் கொண்டுவந்தால் மட்டும், விலையைக் கேட்க மாட்டாள். எதில் பிடித்தது, தூண்டிலா வலையா என்று கேட்பாள்.

எழுபத்து நாலில் ஹென்ரிக் என்கிற வெள்ளைக்காரர் ஒருவர் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கினார். டென்மார்க்கில் தச்சு வேலை பார்த்தவர். அவர் மெட்ராஸில் ஏலத்தில் ஒரு ஆம்புலன்ஸ் வேனை எடுத்து ஓட்டிவந்து, குலாம் ரசூல் ஷெட்டில் நிறுத்தி, இதை வீடு ஆக்கணும் என்றார். குலாம் ரசூல் தலையைச் சொறிந்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து நாலு மாதம் அதிலேயே கிடந்தார்கள். மடக்கிவைக்கிற கட்டில், பம்ப் ஸ்டவ்வுக்குத் தகரப் பெட்டி, தண்ணீர் டிரம், ஜன்னலுக்குக் கொசுவலை, பின்கதவைத் திறந்தால் படி. ஸ்ட்ரெச்சர் போகிற இடத்தில் மூன்று பேர் காலை நீட்டிப் படுக்கலாம். சும்மா சொல்லக்கூடாது, அந்த ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

வேலை முடிந்து கொஞ்ச நாளைக்கெல்லாம் ஹென்ரிக்குக்கு ஊரிலிருந்து தந்தி வந்தது, அம்மாவுக்கு முடியவில்லை என்று. சாவியைக் குலாம் ரசூல் கையில் கொடுத்தார். ஒரு வருஷத்தில் வந்துவிடுவேன், அதுவரைக்கும் அப்பப்போ வண்டியை ஓட்டு, நின்ற எஞ்சின் செத்துப்போகும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வருஷம் ஆயிற்று. ஒரு போஸ்ட் கார்டு வந்தது, ஆள் வரவில்லை.

குலாம் ரசூலுக்கு அந்த வண்டி அமானத். ஒருவர் நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன பொருள். அவர் வந்து கேட்கிற அன்று கொடுத்தது கொடுத்தபடி திரும்பக் கொடுக்கணும். வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து வந்து ஸ்டார்ட் பண்ணி, செங்கம் பக்கம் நாலு மைல் ஓட்டிவிட்டு வந்து தார்பாய் போட்டு மூடுவார். ஷெட்டில் எவனாவது அதன் படியில் உட்கார்ந்தால் போதும், அவன் அன்றைக்குத் தொலைந்தான்.

எழுபத்தாறு டிசம்பரில் ஒரு நாள் சாப்பிடும்போது, பேட்டரி சரியாகச் சார்ஜ் ஆகவில்லை, நாலு மைல் போதாது, நூறு மைல் ஓடினால்தான் எஞ்சினுக்கு உயிர் வரும் என்று அவர் சொன்னார். தீபத்துக்கு வந்த பஸ்ஸெல்லாம் போய், ஷெட்டில் வேலை ஓய்ந்திருந்த நேரம். நசீமாவுக்கு அரைப்பரீட்சை லீவு. வஜீதா சாப்பாடு போட்டுக்கொண்டே, "சும்மா செங்கம் ரோட்டுலயே சுத்தறதுக்கு, கடல் வரைக்கும் ஓட்டினா என்னங்க?" என்றாள். கேட்டது அவள் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அவர் கை கழுவப் போனார். மறுநாள் பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டிருக்கிறார், அமானத் வண்டியில் பெண்டாட்டி பிள்ளையை ஏற்றலாமா என்று. சொந்தக்காரர் ஓட்டச் சொல்லியிருந்தால் ஓட்டலாம், ஆனால் இருந்தபடி இருக்கணும், அது உன் பொறுப்பு என்று ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், மூட்டை கட்டியாயிற்று.

மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். அதை ஒட்டிச் சவுக்குத் தோப்பு. தோப்பு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திப் பின்கதவைத் திறந்தபோது, வஜீதா படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துவிட்டாள் என்று குலாம் ரசூல் நினைத்தார். அதெல்லாம் இல்லை. இவ்வளவு தண்ணீரில் எவ்வளவு மீன் இருக்கும் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

டால்டா டப்பாவில் வீட்டிலிருந்தே மண்புழு கொண்டுவந்திருந்தாள், கெட்டிக்காரி. மூங்கில் கழி, தக்கை எல்லாம் ஏரிக்கு ஆகிற சாமான். முதல் அலையிலேயே தக்கை அவள் காலடிக்குத் திரும்பி வந்துவிட்டது. மீன் கூடையோடு அந்தப் பக்கம் போன சந்திரம்மாள் என்கிற பெண், கூடையை இறக்கி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடல் மீன் மண்புழு தின்னாது, அதுக்கு எறா வேணும் என்று சொல்லி, கூடையிலிருந்து ஒரு கை இறாலை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். தூண்டில் நரம்பு கரையில் ஒதுங்காமல் இருக்க ஈயக்குண்டு கட்டணும் என்பதையும் அவள்தான் சொன்னாள். குலாம் ரசூல் வண்டியில் கிடந்த பழைய பேட்டரித் தகட்டை உடைத்து, ஸ்டவ்வில் உருக்கி, மணலில் குழி பண்ணி ஊற்றிக் குண்டு செய்து கொடுத்தார். நாலாம் நாள் சாயந்தரம் வஜீதா பதினோரு கிழங்கான் பிடித்தாள். அன்றைக்கு வறுத்த மீனை மூன்று பேரும் தட்டு கூட இல்லாமல் வாணலியிலிருந்தே எடுத்துத் தின்றார்கள்.

அப்படி ஆரம்பித்ததுதான். வருஷா வருஷம் அரைப்பரீட்சை முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். விடியற்காலைத் தொழுகையை மணலிலேயே முடித்துவிட்டு, தலையில் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் போய் நிற்பாள். விரலில் நரம்பைச் சுற்றிக்கொண்டு காத்திருப்பாள். மீன் தட்டினால் விரலுக்குத் தெரியும். அந்தக் குப்பத்தில் யாரும் அவளை என்ன ஏது என்று கேட்டதில்லை. பாயம்மாவுக்குக் கை ராசி என்று சந்திரம்மாள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவள் புருஷன் மண்ணாங்கட்டிதான், குப்பமே கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கிற கரைவலைக்குத் தலைவர். அவரே ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, நம்ம பசங்களை விட இந்தம்மா பொறுமையா நிக்குது என்றாராம். வஜீதாவுக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை.

திரும்பும்போது திண்டிவனம் தாண்டி ஒரு ஏரி மதகு ஓரத்தில் நிறுத்துவார்கள். குலாம் ரசூல் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, உப்புப் போகிற வரைக்கும் கழுவுவார். வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கம் முழுக்கப் பழைய எஞ்சின் ஆயிலைக் கையாலேயே பூசுவார். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும், வண்டி நம்முடையது இல்லை. அவர் பூசுவதைப் பார்க்கும்போதெல்லாம் வஜீதாவுக்குத் தொண்டையில் மீன் முள் குத்தின மாதிரி இருக்கும். எஞ்சின் உயிரோடு இருக்க நூறு மைல் ஓட்டுகிறோம் என்பது சரி. பத்து நாள் குடியிருப்பதும் அதில் சேர்த்தியா? அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டால் போகிறது நின்றுவிடும் என்று பயம்.

எண்பத்தொன்று நவம்பரில் ஹென்ரிக்கிடமிருந்து கடிதம் வந்தது. ஜனவரியில் வருகிறேன், வண்டி இன்னும் இருந்தால் எடுத்துக்கொண்டு தெற்கே போகப் போகிறேன் என்று எழுதியிருந்தார். கான்வென்டில் ஏழாவது படிக்கிற நசீமாதான் இங்கிலீஷைப் படித்துச் சொன்னாள். குலாம் ரசூல் அல்ஹம்துலில்லாஹ் என்றார். பாரம் இறங்கியது அவருக்கு. இந்த வருஷம் கடலுக்குப் போகவேண்டாம், கழுவித் துடைத்து அப்படியே ஒப்படைத்துவிடலாம் என்றும் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். வஜீதா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் இரண்டு நாள் அந்த வீட்டில் குழம்புக்கு உப்பு விழவில்லை. குலாம் ரசூல் அதையும் ஒன்றும் சொல்லாமல்தான் சாப்பிட்டார். மூன்றாம் நாள் அவளே, "கடைசியா ஒரே ஒரு தடவை" என்றாள். அவர் சரி என்றார்.

அந்த வருஷம் நல்ல மழை. சவுக்குத் தோப்புக்குப் போகிற வழியெல்லாம் சேறு, வண்டி இறங்கினால் அச்சு வரைக்கும் புதைந்துவிடும். மெயின் ரோட்டு ஓரத்திலேயே நிறுத்திவிட்டு, மீன் பிடிக்க நடந்து போய் வரலாம் என்றார் குலாம் ரசூல். ஒரு மைல் தள்ளி, லாரி சத்தத்தில். கடைசிப் பத்து நாளை அப்படியா கழிப்பது? வஜீதா இறங்கி, கப்பி ரோட்டில் குப்பம் வரைக்கும் போய், அங்கிருந்து குப்பத்துக்காரர்கள் கட்டுமரம் இழுக்கிற தடத்தோடு தண்ணீர் வரைக்கும் நடந்து போனாள். மேலே இருந்த மணல் உதிரி, கால் வைத்தால் உள்ளே வாங்கியது. தண்ணீரை ஒட்டின ஈர மணல் சிமெண்ட் தரை போலக் கெட்டியாக இருந்தது. குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்த்தாள். தடம் கூடப் பதியவில்லை.

திரும்பி வந்து அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். கடலாச்சே என்று அவர் இழுத்தார். அவள் விடவில்லை. "ஏரிக்குள்ளயே லாரி எறக்கி மண்ணு அள்றாங்களே, பாத்தது இல்லையா நீங்க? ஈர மண்ணு தாங்கும். உதிரி மண்ணுதான் வாங்கும்" என்றாள். அதில் தப்பே கண்டுபிடிக்க முடியாது, ஏரிக்காரர்களுக்கு. மழை நின்ற பிறகு ஏரித் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கும், ஒரு போதும் ஏறாது. இன்றைக்குத் தண்ணீர் எங்கே நிற்கிறதோ நாளைக்கு அதற்கு ஒரு விரல் கீழேதான் நிற்கும். அந்தப் புத்தியோடுதான் இரண்டு பேரும் பனை மட்டைகளைப் பரப்பி, வண்டியை மெல்ல இறக்கி, பின்கதவு கடலைப் பார்க்க நிறுத்தினார்கள். அலை வந்து திரும்புகிற இடம் முப்பது தப்படி தள்ளி இருந்தது. மதியம் இரண்டு மணி. குப்பம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது, வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

அன்றைக்கு அமாவாசை. அது வஜீதாவுக்கு நன்றாகத் தெரியும், இன்னும் இரண்டு நாளில் பிறை தெரியும், மீலாது மாதம் பிறக்கும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டுதான் வந்திருந்தாள். வானத்தைப் பார்க்கத் தெரிந்தவளுக்கு, அந்த வானத்துக்குக் கடல் கட்டுப்படும், அமாவாசையில் மேலே ஏறி வரும் என்று மட்டும் தெரியாது. மற்ற வருஷமெல்லாம் தோப்பிலேயே நின்றதால் தெரிந்துகொள்ளவும் வாய்ப்பில்லை.

எறா வாங்கவும் நல்ல தண்ணீர் எடுக்கவும் மூன்று பேரும் சந்திரம்மாள் வீட்டுக்குப் போனார்கள். பேச்சு வளர்ந்தது. அஸர் தொழுதுவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பி வந்தார்கள். தூரத்திலேயே நசீமா, அம்மா வண்டி கடலுக்குள்ள நிக்குது என்றாள்.

நின்றதா, உட்கார்ந்திருந்தது. பின்சக்கரம் இரண்டும் மண்ணுக்குள் போய், பின்கதவுப் படி தண்ணீருக்குள் கிடந்தது. ஒவ்வொரு அலையும் கதவைத் தட்டித் திறந்துகொண்டு உள்ளே போய், ஸ்டவ்வுப் பெட்டியையும் தலையணையையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தது. குலாம் ரசூல் ஓடிப்போய்ச் சீட்டில் ஏறி ஸ்டார்ட் பண்ணினார். சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் கீழே போயிற்று. அடுத்த அலையில் எஞ்சின் இருமி நின்றுவிட்டது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை வஜீதா அதற்கு முன்னே பார்த்ததில்லை. திரும்பி மண்ணாங்கட்டி வீட்டுக்கு ஓடினாள். முக்காடு எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரியாது.

மண்ணாங்கட்டி வந்து பார்த்தார். "அமாவாசையில யாருனா ஈரத்துல வண்டிய நிறுத்துவாங்களா பாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டார், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கரைவலைக் கயிற்றைக் கொண்டுவரச் சொன்னார். முன்பக்கத்து இரும்பில் கட்டினார்கள். முப்பது பேர், அப்புறம் அந்த முப்பது பேருடைய பெண்டாட்டிமார், வலை இழுக்கிற மாதிரியே கயிற்றை இடுப்பில் சாய்த்துக்கொண்டு இழுத்தார்கள். வஜீதா சந்திரம்மாளுக்கு முன்னால் நின்று இழுத்தாள். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டது. அலை வரும்போது வண்டி கொஞ்சம் லேசாகும், அந்த நேரம் பார்த்து மண்ணாங்கட்டி குரல் கொடுப்பார். குரலுக்கு ஒரு முழம், குரலுக்கு ஒரு முழம். இருட்டி வருவதற்குள் வண்டி உதிரி மணலுக்கு மேலே வந்து நின்றது, பக்கமெல்லாம் தண்ணீர் ஒழுகிக்கொண்டு.

குலாம் ரசூல் கையைக் கூப்பினார். மண்ணாங்கட்டி கயிற்றைச் சுற்றிக்கொண்டே, "தினம் இழுத்தா மீனு வரும். இன்னிக்கு ஒரு வீடே வந்துது, வுடு பாய்" என்றார்.

அதோடு முடியவில்லை. உப்பு இறங்கிவிட்டால் இரும்பு போச்சு, நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவணும். அந்தக் குப்பத்தில் நல்ல தண்ணீர் என்பது ஒரே ஒரு கிணறு. பெண்கள் வரிசை போட்டு நிற்கிற கிணறு. சந்திரம்மாள் போய் என்ன சொன்னாளோ, குடம் குடமாக வந்தது. மறுநாளைக்குக் குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஒரு வண்டியின் வயிற்றில் ஊற்றினார்கள். ஒவ்வொரு குடத்துக்கும் வஜீதாவுக்கு அழுகை முட்டியது. யார் பெற்ற மக்களோ இவர்கள், நமக்கு என்ன செய்கிறார்கள் பார் என்று இன்றைக்கும் சொல்லும்போது அவள் கண் கலங்கிவிடும்.

இரண்டு நாள் குலாம் ரசூல் எஞ்சினைக் கழற்றிப் பரப்பி வெயிலில் உலர்த்தினார். பிளக்கையெல்லாம் சந்திரம்மாள் வீட்டு அடுப்பில் சுட்டெடுத்தார். மூன்றாம் நாள் வண்டி ஓடியது. அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள். பத்து நாள் மூன்று நாளாயிற்று, ஒரு மீன் கூடப் பிடிக்கவில்லை.

நூறு கிலோமீட்டரும் வஜீதா காத்துக்கொண்டே வந்தாள். இப்போது சொல்வார், இந்த மைல்கல் தாண்டினதும் சொல்வார், உன்னாலதான், நான் அப்பவே வேணாம்னேனே என்று. சொல்லட்டும், சொல்லித் திட்டட்டும், இரண்டு அறை வைத்தால் கூட வாங்கிக்கொள்ளலாம். அவர் சொல்லவில்லை. செஞ்சியில் டீ வாங்கிக்கொண்டுவந்து, அவள் கட்டுப்போட்ட கையில் கிளாஸைப் பிடிக்க வராது என்று அவரே பிடித்துக்கொண்டு குடிக்க வைத்தார்.

ஊரில் பேச்சு கிளம்பாமல் இருக்குமா? வெள்ளைக்காரன் நம்பி விட்டுப்போன வண்டியை மெக்கானிக் பாய் கடலில் முக்கிவிட்டாராம் என்று டீக்கடையில் பேசினார்கள். வழக்கமாக வண்டி விடுகிற ஒருவர், இந்தத் தடவை வேறு ஷெட்டுக்குப் போனார். குலாம் ரசூல் காதில் வாங்கிக்கொண்டு, தரைப் பலகையைப் பெயர்த்துப் புதுசு போட்டார், துருப்பிடித்த தகடுகளை வெட்டியெடுத்துவிட்டு வேறு வைத்துப் பற்றவைத்தார், பெயிண்ட் அடித்தார். பகல் பூரா பிழைப்பு வேலை, பொழுது சாய்ந்தால் அந்த வேலை. அப்போதும் அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வஜீதாவுக்கு அந்த மௌனம்தான் தாங்க முடியவில்லை. மனுஷன் வாயைத் திறந்து திட்டித் தொலைத்தால் என்ன என்று பாத்திரங்களிடம் சண்டை போட்டாள்.

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் ஹென்ரிக் வந்தார். முடி பாதி வெளுத்து, ஆள் இளைத்திருந்தார். தகவல் தெரிந்ததும் வஜீதா புர்காவை மாட்டிக்கொண்டு, நசீமாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். கல்யாணமாகி அந்த ஷெட்டுக்குள் அவள் கால் வைத்தது அது இரண்டாவதோ மூன்றாவதோ தடவை. டயர் அடுக்குக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள்.

ஹென்ரிக் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். புது மாதிரி இருக்கே என்றார் அரைகுறைத் தமிழில். புது மாதிரிதான் இருந்தது. குலாம் ரசூல் அத்தோடு விட்டிருந்தால், அந்த மனுஷருக்கு எதுவும் தெரிய வந்திருக்காது. ஆனால் அவர் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார். வருஷா வருஷம் கடலுக்குக் கொண்டுபோனது, பத்து நாள் குடியிருந்தது, இந்த வருஷம் தண்ணீருக்குள் போனது எல்லாவற்றையும் சொன்னார். நசீமா இங்கிலீஷில் திருப்பிச் சொன்னாள். கடைசியில் அவர், "தண்ணி பக்கத்துல நிறுத்தினது நான்தான். தப்பு என்னோடது. நீங்க என்ன சொன்னாலும் கட்டுப்படறேன்" என்றார்.

மூன்று வாரமாக வஜீதா காத்துக்கொண்டிருந்த வார்த்தை இப்போது இப்படி வந்தது. உன்னாலதான் என்று அவளிடம் சொல்லவே சொல்லாத மனுஷன், என்னாலதான் என்று ஊரான் முன்னால் சொல்லிக்கொண்டு தலையைக் குனிந்து நிற்கிறார். அந்த ரோட்டில் ஒருவர் முன்னாலும் குனியாத தலை. நசீமா வாயைத் திறப்பதற்குள் வஜீதா டயர் அடுக்கைத் தாண்டி வந்துவிட்டாள்.

"அவர் இல்லீங்க. நிறுத்தச் சொன்னது நான். அவர் வேணாம்னுதான் சொன்னாரு. வருஷா வருஷம் கடலுக்குப் போகணும்னு கேட்டதும் நான்தான். மீன் புடிக்கற ஆசை எனக்குத்தான். அவருக்கு மீன்ல முள்ளு எடுக்கக்கூடத் தெரியாது" என்றாள். அதோடு நிறுத்தவில்லை. ஜன்னல் சட்டத்தில் தூண்டில் கழி சொருக ஓட்டை போடச் சொன்னது, கொசுவலையைக் கிழித்து எறா அரிக்க எடுத்தது, ஒன்று விடாமல் எல்லாம் சொன்னாள். உடைமைக்காரரைக் கேட்காமலே குடியிருந்துவிட்டோம், மன்னிச்சுக்குங்க என்று முடித்தாள். அந்நிய ஆணோடு அவள் அவ்வளவு நீளமாகப் பேசியது வாழ்க்கையிலேயே அன்றுதான்.

நசீமா திருப்பிச் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஹென்ரிக் அசையாமல் கேட்டார். பிறகு வஜீதா பக்கம் திரும்பி, "மீன் கிடைத்ததா?" என்றார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கிடைத்தது, கிழங்கான், ஒரு தடவை பெரிய மடவை ஒன்று என்று இழுத்து இழுத்துச் சொன்னாள். எவ்வளவு நீளம் என்று கேட்டார். கையை விரித்துக் காட்டினாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து நசீமாவிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். அவர் பிறந்தது மீன்பிடிக்கிற ஊராம். இந்த வண்டியைக் கட்டினதே கடலோரம் போய் இருக்கத்தானாம். கட்டி முடித்ததும் அம்மாவைப் பார்க்கப் போய்விட்டார், அம்மா ஆறு வருஷம் படுக்கையில் கிடந்து போன வருஷம்தான் இறந்துபோனார். ஒரு நாள் கூட நான் இந்த வண்டியோடு கடலைப் பார்க்கவில்லை, வண்டியாவது பார்த்ததே என்று ஹென்ரிக் சொன்னாராம். நசீமா அதைத் தமிழில் சொன்னாள். வஜீதா கேட்டுவிட்டு அங்கேயே, டயர் மேல் உட்கார்ந்து அழுதாள்.

ஹென்ரிக் வண்டியை எடுத்துக்கொண்டு தெற்கே போனார். மார்ச் கடைசியில் திரும்பி வந்தார். கட்டில் விரிப்பெல்லாம் மணல், ஒரே மீன் வாடை. ஊருக்குக் கிளம்புமுன் சாவியைக் குலாம் ரசூலிடம் கொடுத்து, முன்மாதிரியே பார்த்துக்கொள், ஆனால் ஒன்று, டிசம்பரில் கட்டாயம் கடலுக்குப் போகணும், என்ன மீன் பிடித்தாள் என்று எனக்குக் கடிதம் வரணும் என்றார். கடிதம் எழுதுவது நசீமா வேலை. குலாம் ரசூல் அன்றைக்குச் சாயந்தரம் மஃரிபுத் தொழுகைக்குப் போனவர், ராத்திரி இஷா தொழுகையும் முடிந்துதான் வீட்டுக்கு வந்தார். வேறு ஷெட்டுக்குப் போனவரும் நாளடைவில் இங்கேயே வந்துவிட்டார், அது தனிக் கதை.

வஜீதாவுக்கு அந்த முள் தொண்டையை விட்டுப் போயிற்று. ஆறு வருஷம் திருடித் தின்ற மாதிரி இருந்த பத்து நாள், இப்போது உடைமைக்காரரே கொடுத்த பத்து நாள். ஆனாலும் எண்பத்திரண்டு டிசம்பர் நெருங்க நெருங்க, அந்த இடத்தை எந்த முகத்தோடு பார்ப்பது என்று யோசித்தாள். மண்ணாங்கட்டிக்கு ஒரு வேட்டி, சந்திரம்மாளுக்கு ஒரு புடவை எடுத்துவைத்தாள். கிணற்றுக்கு ஒரு புதுக் கயிறும் வாங்கிக்கொண்டாள்.

அந்த வருஷம் வழி காய்ந்திருந்தது. சவுக்குத் தோப்பு முடிகிற இடத்துக்கு வண்டி வந்துவிட்டது. முன்னால் மணல், மணலுக்கு அப்பால் தண்ணீர். வலது பக்கம் தோப்பு நிழல். குலாம் ரசூல் எஞ்சினை அணைக்காமல், ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி அவள் பக்கம் திரும்பினார்.

"எங்க நிறுத்தறது வஜீதா? நீ பாத்து சொல்லு."

கேலி இல்லை. முகத்தைப் பார்த்தாள், அதில் ஒரு சிரிப்பு கூட இல்லை. அவள் சொன்ன இடத்தில் நிறுத்தித்தான் போன வருஷம் அவர் பெயர், வண்டி எல்லாம் தண்ணீருக்குள் போனது. அதே மனுஷன் மறுபடியும் அவளைத்தான் கேட்கிறார். ஒரு நிமிஷம் அவளால் கதவைத் திறக்க முடியவில்லை, கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது.

அப்புறம் இறங்கி நடந்தாள். காய்ந்த பாசியும் சிப்பியும் ஒதுங்கி நீளமாகக் கோடு போட்டிருந்த இடம் வரைக்கும் போனாள். கடல் எதுவரைக்கும் ஏறியது என்று அந்தக் கோடு சொன்னது. அதைக் காலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அங்கிருந்து மேலே இருபது தப்படி எண்ணி ஏறி, சவுக்கு மரத்தடியில் நின்றுகொண்டு கையைக் காட்டினாள். அவர் அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்.